மாமி வீட்டுக் கிணற்றில் உப்புப் பார்த்த கதை

பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் எப்படி வருகிறது என்று பரிசளிப்பு விழா ஒன்றில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள், பேச்சு முடிந்ததற்காகவும் இருக்கலாம். அந்த ஆர்வம் எப்படி விட்டுப் போகிறது என்று பேசத்தான் எனக்குத் தகுதி அதிகம். அதை யாரும் கேட்கவில்லை.

என் மகளுக்கு அது பன்னிரண்டு வயதில் வந்தது. மூன்று பற்றரி, இரண்டு ஆணி, ஒரு சின்ன எல்.ஈ.டி பல்ப். ஆணிகளைத் தண்ணீரில் விட்டால், உப்புக் கூடக்கூட வெளிச்சமும் கூடும். அவளே பொருத்தினாள். எங்கள் ஊர் மடத்துவெளியில், எங்கள் ஒழுங்கையில் உள்ள வீட்டுக் கிணறுகளையெல்லாம் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். படித்து முடித்துத் தண்ணீர் ஆராயும் வேலைதான் செய்வாளாம். போகிற இடமெல்லாம் பெருமையடித்தேன்.

அந்த நாட்களில்தான் அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேசச் சுருவில் என்ற ஊரிலிருந்து வந்தார்கள். சீதனமாகக் கொடுக்கும் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கூரையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். அக்காவின் கிணறு இரண்டு வருடமாக உவர். ஆகவே பவுசர் லொறியில் வாங்கிய நல்ல தண்ணீரை வாளியில் ஊற்றி, அப்போதுதான் அள்ளியதுபோலக் கயிற்றையும் நனைத்துக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தோம். கயிற்றை நனைத்தது என் யோசனை. நிறையப் புத்தகம் படித்தவன் அல்லவா.

மாப்பிள்ளையின் தகப்பன் குவளையை எடுக்கும் நேரம் மகள் ஆணிகளோடு வந்தாள். ஆணிகளை வாளியில் ஒருமுறை விட்டுப் பார்த்தாள். பிறகு கிணற்றிலிருந்து அள்ளி, அதிலும் விட்டாள்; பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"மாமி, வாளியிலை இருக்கிறது உங்கட கிணத்துத் தண்ணி இல்லை."

அக்காவிடம் குற்றம் சொல்லும் குரல் இல்லை. கண்டுபிடித்த சந்தோசம்.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அது விளையாட்டுச் சாமான், ஒழுங்காக வேலை செய்யாது என்று வந்தவர்களுக்குச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகளிடமும் திரும்பினேன்.

"பழுதெண்டு சொல்லு, பிள்ளை."

அவள் பல்பைப் பார்த்தாள். அது நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"பழுது," என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் கிணற்றுத் தண்ணீரையே வாங்கிக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தார். "எங்கட கிணத்துக்கை விட்டிருந்தால் உந்தப் பல்ப் வெடிச்சிருக்கும், தம்பி."

கலியாணம் நடந்தது. உவருக்கும் உவருக்கும் பொருத்தம் என்று நானே பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சொன்னதுதான் சரி என்று அவளிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று நானும் இருந்துவிட்டேன். அவள் பற்றரிகளைக் கழற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு யாழ்ப்பாணத்தில் உப்பு அளக்கும் நல்ல கருவி ஒன்று வாங்கி வந்தேன். நன்றி சொன்னாள். பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் இருக்கிறது.

நாலு வருடம் கழித்து, போன மாதம் உயர்தர வகுப்பில் சேரும் படிவத்தைக் கொண்டுவந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள், கலைப்பிரிவு என்று நிரப்பியிருந்தாள். விஞ்ஞானம் பிடிக்காதோ என்று கேட்டேன்.

"பிடிக்கும் அப்பா. ஆனால் அதிலை கண்ணாலை கண்டதை அப்பிடியே சொல்லவேணுமெல்லோ."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன்.