எங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்தின் ஒரே ஜட்டி

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஜூன் மாதமே வந்துவிடும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே கலைமான் அச்சடித்த ஜட்டிகள் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது தைத்துக் கப்பலேற்றினால்தான் டிசம்பரில் வெளிநாட்டுக் கடையில் தொங்கும். நிஜ டிசம்பர் வரும்போது எங்களுக்குக் கலைமானைக் கண்டாலே கொட்டாவி வரும். ஆனாலும் எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் பாதிப் பேர் தெற்கத்திக் கிறிஸ்தவர்கள். அவர்கள் பண்டிகைக்கு ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முந்தைய நாள் மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விழா நடக்கும். கேக், பாட்டு, ஒரு நாடகம். நாடகம் என்றால் வருடா வருடம் மாட்டுத் தொழுவமும் மூன்று ஞானிகளும்தான்.

அந்த வருடம் நாடகத்தை நான் எழுதுகிறேன் என்று கை தூக்கினேன். இரண்டாயிரத்துகளின் நடுவில், எனக்கு இருபத்து மூன்று வயது. காங்கேயத்துக்காரன், கோயமுத்தூரில் படித்தவன், கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடுவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிடி வாடகைக்கு எடுத்து ஆங்கில நகைச்சுவைப் படம் பார்ப்பது உண்மையான வேலை. அவற்றில் நண்பர்கள் ஒருவரை ஒருவர் கூசாமல் கேவலப்படுத்துவார்கள். கால்சட்டை கழன்று விழும். கடைசியில் பனி கொட்டும்போது கட்டிப்பிடித்து அழுவார்கள். இப்படிப் பச்சையாக, நட்பைப் பற்றி, ஒரு கிறிஸ்துமஸ் நகைச்சுவை தமிழில் இல்லையே என்ற கவலை எனக்கு. அதைத் தீர்க்க வேண்டிய ஆள் நான்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

என் அறைத்தோழன் சாத்தான்குளத்துப் பக்கம். துணி விளிம்பைப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் டெய்லர். நான் ஜோக்கைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிடுவான். அதை என் திறமைக்கு அத்தாட்சி என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் நல்லவன் என்பதற்கு அத்தாட்சி என்று அப்போது தோன்றவில்லை.

கதை இதுதான். ஒரே அறையில் இருக்கும் இரண்டு பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். வருடம் முழுக்க ஊருக்கெல்லாம் ஜட்டி தைத்தவர்களுக்கு, கிறிஸ்துமஸ் காலையில் இருவருக்கும் சேர்த்துக் கிழியாத ஜட்டி ஒன்றே ஒன்று. ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலை ஆராதனைக்குப் போய்வந்து, கோயில் மதிலுக்குப் பின்னால் கழற்றி மற்றவனிடம் கொடுக்க வேண்டும். அவன் ஒன்பது மணி ஆராதனைக்குப் போவான். ஆனால் முதலாமவனை யாரோ ஏணிமேல் ஏறி நட்சத்திரம் கட்டச் சொல்லிவிடுகிறார்கள். மற்றவன் மதிலுக்குப் பின்னால் வெறும் லுங்கியோடு, மார்கழிக் காற்றில். அந்தக் காற்றைப் பற்றி மட்டும் எட்டு வசனங்கள் எழுதியிருந்தேன். இங்கே ஒன்றையும் எழுத முடியாது.

ஒருவனாக நானும் மற்றவனாக நண்பனும் நடிப்பதாக என் திட்டம். நண்பன் படித்துவிட்டு வழக்கம்போலச் சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டான்.

"மாப்ள, இது வேண்டாம்ல. அண்ணாச்சி முன்வரிசையில இருப்பாவ."

அண்ணாச்சி என்பவர் எங்கள் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். அவரும் தெற்கத்திக்காரர், சபைக் கமிட்டியில் இருந்தவர். தைத்த பீஸ் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குப் போகும். அவருடைய மகளைத்தான் நண்பன் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். ஒளிந்து மறைந்து அல்ல, நேராக அவரிடமே போய். அவர் யோசித்து, "கிறிஸ்துமஸ் கழியட்டும், பதில் சொல்லுதேன்" என்றிருந்தார். நண்பனிடம் நிலமில்லை, வீடில்லை. அவனிடம் இருந்தது ஒன்றுதான்: மூன்று வருடத்தில் அவன் தைத்த ஒரு பீஸ்கூட அண்ணாச்சி மேஜையிலிருந்து திரும்பி வந்ததில்லை. இப்போது அவர் முன்னால் மேடையேறி மதிலுக்குப் பின்னால் ஜட்டி மாற்றினால் பதில் என்னவாக இருக்கும் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை.

நான் கலை, துணிச்சல் என்று என்னவோ பேசினேன். அவன் மாட்டேன் என்றான். உடனே இன்னொருவனைப் பிடித்தேன். அவன் விழாவுக்கு முந்தைய நாளே டிக்கெட் கிடைத்தது என்று ஊருக்குப் போய்விட்டான். நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நண்பன், "சரி, நானே நடிக்கேன். ஆனா அந்த ஜட்டிய நான் தைக்க மாட்டேன்" என்றான்.

தைக்க வேண்டியிருந்தது. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதால் ஜட்டி மூன்று ஆள் போடும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது என் யோசனை. மிச்சம் விழுந்த சிவப்புத் துணியை நானே வெட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். வாழ்க்கையில் முதல் முறை. முன்பக்கம் ஒரு கலைமான் வரைந்து, மூக்கு எந்த இடத்தில் வர வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பஞ்சுருண்டையை ஒட்டினேன்.

முதலாளி ஒரு முறை வழியில் நிறுத்தி, "ஏனுங்க தம்பி, குடும்பத்தோட பாக்கற மாதிரி இருக்குமுங்களா?" என்று கேட்டார். "இருக்குமுங்க" என்றேன். அவர் குடும்பம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது, அதனால் அது பொய் ஆகாது.

விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதலாளி, அவர் மனைவி, அண்ணாச்சி. அடுத்த நான்கு வரிசையும் செக்கிங் பெண்கள். அவர்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கப்போகும் காட்சியை நான் பல நாளாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். முதல் காட்சியில் நண்பன் ஜட்டியை இரண்டு கையாலும் விரித்து உயரத் தூக்கினான். நான் என் முதல் வெடியைப் போட்டேன்.

சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. இரண்டாவது வெடி போட்டேன். கலைமான் மூக்கைப் பற்றியது. அதற்கும் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜட்டி எங்கள் ஊரில் வெட்கப்படும் சாமான் இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜட்டிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டே பெண்கள் கீரைக்காரரிடம் பேரம் பேசுவார்கள். பிள்ளைகள் அந்தக் குவியல்மேல் படுத்து வீட்டுப்பாடம் எழுதும். இந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை நூறு ஜட்டியை விரித்துப் பார்ப்பார்களோ தெரியாது. அவர்களிடம் போய் இன்னொன்றை விரித்துக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறேன்.

அவர்கள் சிரிக்கவில்லை. பார்த்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது: "அந்தக் கால் ஒரு பக்கம் ஏறி இருக்குதுங்க்கா."

"எலாஸ்டிக்கும் முறுக்கி இருக்குதுங்களே."

அவ்வளவுதான். கூடம் முழுக்க விரல் நீண்டது. பின்வரிசையில் எழுந்து நின்று பார்த்தார்கள். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது நிறைவேறியது. அண்ணாச்சி எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்து, நண்பன் கையிலிருந்து ஜட்டியை வாங்கி உள்பக்கத்தை வெளியே திருப்பினார். குற்றம் உள்ள இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஒன்று ஒட்டினார். இழுத்துப் பார்த்து இன்னொன்று. ஏழாவது அம்புக்குக் கூடம் கூரை அதிரச் சிரித்தது. முதலாளியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வசனம் ஒன்றுக்கும் வராத சிரிப்பு.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. செக்கிங் மேஜையில் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"இத யாருல தச்சா?"

கம்பெனியில் அந்தக் கேள்விக்கு ஒரு வழக்கம் உண்டு. தைத்தவர் எல்லார் முன்னாலும் எழுந்து வந்து பீஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"நாந்தான் அண்ணாச்சி" என்றான் நண்பன்.

மூன்று வருடத்தில் ஒரு பீஸ்கூடத் திரும்பாத கை. அவனிடம் இருந்த ஒரே சொத்து. அதை மூன்று ஆள் ஜட்டிக்காகக் கொடுத்துவிட்டான். இதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க அண்ணாச்சி, நான் தைச்சதுங்க."

"அது எனக்குத் தெரியும் தம்பி. மெஷின்ல உக்காந்து பழகுனவன் தையலா இது?" என்று சொல்லிவிட்டு நண்பன் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குல பொய் சொன்ன?"

நண்பன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எல்லார் முன்னாடியும் இவன் அசிங்கப்பட்டுருவாம்லா."

கூடம் மறுபடி சிரித்தது. அண்ணாச்சி மட்டும் கண்ணாடியைக் கழற்றி, ஜட்டியைக் கம்பெனி மடிப்பு மடித்து, அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். மீதி நாடகத்தை ஜட்டி இல்லாமல் நடத்தினோம். ஜட்டி இல்லாத இரண்டு பேர் என்பதால் கதைக்கு அது பொருந்தியது. ஒவ்வொரு வரிக்கும் சிரித்தார்கள், ஆனால் அண்ணாச்சியின் மடியைப் பார்த்துத்தான். முதலாளி கைகொடுத்து, அடுத்த வருடமும் அண்ணாச்சியையே நடிக்க வைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நண்பனின் பையை நான் பஸ் நிலையம் வரை தூக்கிக்கொண்டு போனேன். பஸ் கிளம்பும்போதுதான் ஜன்னல் வழியாகச் சொன்னான்: "பொய் சொன்னாத்தான் அண்ணாச்சிக்குப் பிடிக்காதுல. ஜட்டிகூடப் பரவால்ல."

அவன் ஊரில் இருந்த பத்து நாளும் எனக்கு எந்த டிவிடியும் ஓடவில்லை.

புது வருடம் பிறந்து நண்பன் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணாச்சி எங்கள் அறைக்கு வந்தார். ஒரு கையில் ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்துப் பொட்டலம், மறு கையில் இன்னொரு பொட்டலம். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம்.

"பொய் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தார். நண்பன் தலையாட்டினான். "ஆனா அடுத்தவன் குத்தத்தத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டல்லா. நாளைக்கு எம் மவ சோத்தக் கருக்குனாலும் நாந்தான் கருக்குனேம்பே. தை கழியட்டும், ஒங்க அம்மையையும் அப்பாவையும் வரச் சொல்லு."

நண்பன் முந்திரிக்கொத்தை எடுத்து என் வாயில் திணித்தான்.

இரண்டாவது பொட்டலத்தை அண்ணாச்சி என்னிடம் நீட்டினார். ஜட்டி. அம்புகள் அப்படியே இருந்தன. பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் மதியச் சாப்பாட்டை விட்டுத் தைத்தேன். நான்காவது முறைதான் கடைசி அம்பை உரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறையிலிருந்து கிளம்பி வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வாங்க தம்பி. ஆனா எழுதாம வாங்க."

போனேன். கோயில் வாசலில் வரவேற்க நின்றிருந்த அண்ணாச்சி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்தார்.