முப்பத்தெட்டு வயது டிரெய்னி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவியின் தம்பி கனகராஜ் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான். கையில், பிளாஸ்டிக் கவர் சுற்றிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்.

"மாமா, வாளையார் பக்கத்துல ஒரு பைப் கம்பெனில மெயின்டனன்ஸ் டிரெய்னி எடுக்கறாங்க. மார்க் வேண்டாமாம் மாமா. வேலை செஞ்சு காட்டுனாப் போதுமாம். எனக்குக் கொஞ்சம் பாடம் சொல்லிக் குடுங்க."

டிரெய்னிக்கு வயது வரம்பு முப்பத்தெட்டு. கனகராஜுக்கும் முப்பத்தெட்டு. ஆடி பிறந்தால் கோட்டைத் தாண்டிவிடுவான். இரண்டு ஏக்கர் தென்னையை வெள்ளை ஈ தின்றுகொண்டிருக்கிறது. வேறு எங்கே வேலை கேட்டுப் போனாலும் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்கிறார்கள். வாங்கித் திறந்து பார்த்தேன். கணக்கில் பதினொன்று. அது மூன்றாவது முறை எழுதியபோது.

இதற்கு ஏன் என்னிடம் வர வேண்டும்? நான் இன்ஜினியர் ஐயா! சிரிக்காதீர்கள். மெக்கானிக்கல், முதல் வகுப்பு. பட்டம் வாங்கிய பிறகு நான் கழற்றி மாட்டிய ஒரே இயந்திரம் பேனா. அதிலும் மூடி தொலைந்துவிட்டது.

மூன்று நாள் வகுப்பெடுத்தேன். அழுத்தம், வேகம், சமன்பாடு... கனகராஜ் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். ஒரே ஒரு முறை விழித்து, "மாமா, இந்த டெல்டாங்கறது சாமானுங்களா, கம்பெனி பேருங்களா?" என்றான். கடைசியில் வெறுத்துப்போய், என் வாழ்நாள் அனுபவத்தைப் பிழிந்து ஒரே ஓர் அறிவுரை தந்தேன்.

"அங்க போயி கேள்வி கேக்காத மாப்ள. கேட்டா இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்குவாங்க. வாய மூடிட்டு வேலையப் பாரு."

தேர்வு நாளில் துணைக்குப் போனேன். பம்ப் ஷெட் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். ஒரு பம்ப், மோட்டார் ஓடுகிறது, சத்தமும் போடுகிறது. தண்ணீர் மட்டும் நூலாக வடிகிறது. இருபது நிமிடத்தில் சரிசெய்ய வேண்டும். நடத்தியவர் மெயின்டனன்ஸ் தலைமைப் பொறியாளர்—முப்பது வயதுகூட ஆகியிராத மலையாளப் பெண்.

முதலில் போன டிப்ளமோ பையன் பம்பைப் பிரித்து மேய்ந்தான். அடுத்தவன், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் அடிவால்வில்தான் கோளாறு என்று சத்தியம் செய்தான். வெளியே இருந்த நானும் அடிவால்வு என்றே முடிவு கட்டியிருந்தேன்.

கனகராஜ் உள்ளே போனான். நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவன் போல நின்றான். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்...

"எந்தா சேட்டா, சும்மா நிக்கறீங்க? டைம் போகுது."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, என் அறிவுரையைக் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறான்! 'கேட்டுத் தொலை' என்று கையால் ஜாடை காட்டினேன்.

"ஏனுங்க மேடம், இதுக்கு முந்தி கரண்டு லைன்ல யாராச்சும் கை வெச்சாங்களா? லைன்மேன் கீது வந்தாருங்களா?"

கிழக்குப் பாலக்காட்டில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் மக்கர் செய்தாலும் விவசாயி கேட்கும் முதல் கேள்வி இது. டிரான்ஸ்பார்மரில் வேலை நடக்கும்போது மூன்று ஒயரில் இரண்டு இடம் மாறிவிட்டால் போதும், மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். ஊரே கேட்கிற சத்தம் வரும், தண்ணீர் வராது.

பொறியாளர் சிரித்தார். "காலையில நான்தான் கை வெச்சேன்."

"அதானுங்க பார்த்தேன்."

மெயினை அணைத்தான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டான். ஸ்விட்சைப் போட்டதும் குழாயிலிருந்து வந்த தண்ணீர் என் சட்டையை நனைத்தது.

அதோடு விட்டார்களா? பொறியாளர் அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இங்க ட்ரெயினிங் குடுக்கறவங்க எல்லாம் இருபத்திரெண்டு, இருபத்திமூணு. அவங்க சொல்றதக் கேட்டுப் படிப்பீங்களா?"

"இருவது வருசமா தென்ன மரத்துக்கிட்டப் படிச்சனுங்க மேடம். இவங்க பேசவாச்சும் பேசுவாங்கல்லங்க."

எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். நன்றாகப் படித்தவனுக்குத் தனக்குத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்று ஆயுள் முழுக்க பயம். அதனால் தெரியாமலேயே பம்பைப் பிரிக்கிறான். அல்லது என்னைப் போல ஸ்டூலில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறான். கணக்கில் பதினொன்று வாங்கியவனுக்கு அந்த பயமெல்லாம் பத்தாம் வகுப்போடு விட்டுப்போயிற்று. கூச்சமே இல்லாமல் கேட்கிறான். அவனையும் எட்டு நிமிடம் கெடுத்து வைத்தேனே, அதுதான் முதல் வகுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை கனகராஜ் வந்தான். விரல் நகமெல்லாம் கிரீஸ்.

"வேலை எப்படிப் போகுது மாப்ள?"

"வாரத்துல நாலு நாளு திட்டு வாங்கறனுங்க மாமா."

முகத்தில் அப்படியொரு சந்தோஷம்! "அதுக்கு ஏன்டா சிரிக்கற?" என்றாள் அவன் அக்கா.

"பள்ளிக்கூடத்துல சும்மா திட்டுவாங்கக்கா. இங்க எதுக்குத் திட்டறாங்கன்னு காரணம் சொல்லித் திட்டறாங்க."

என் கல்லூரியில் நான்கு வருடமும் என்னை ஒருவர்கூடத் திட்டவில்லை. அதன் பலனைத்தான் இந்தப் பத்தியில் நீங்கள் வாராவாரம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.