கடோவாகி கேட்டு வாங்கிய மூன்றாம் பாகம்

ஹமமாட்சு நகரில் மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கில் கடோவாகி மேற்பார்வையாளர். அது சம்பளத்துக்கு. மற்றபடி அவர் தன்னை ‘மூடுபனி ராஜ்ஜியம்’ என்ற வீடியோ கேமின் காவலராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து நாளில் முதல் பாகத்தை ஆடியவர், தலை பாதி நரைத்து, இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொள்ளும் வயதில் எட்டாம் பாகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திட்டுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. புதுப் பாகம் வந்தால் அது குப்பை. அதற்கடுத்தது வந்துவிட்டால் நேற்றைய குப்பை பொற்காலமாகிவிடும். மூன்றாம் பாகம் வந்த வருடம், பொம்மைகள் காதலிப்பதைப் பார்க்கவா காசு கொடுத்தோம் என்று ரசிகர் பத்திரிகைக்கே எழுதிப் போட்டவர் அவர். இப்போது அதே மூன்றாம் பாகத்தைப் பற்றிப் பேசினால் குரல் தழுதழுக்கும். யாராவது சுட்டிக்காட்டினால், அப்போது எனக்குப் பக்குவம் போதவில்லை என்பார். இப்போது வந்துவிட்டதா என்று யாரும் கேட்டதில்லை.

கேட்கக்கூடிய ஒரே ஆள் ஹிருகவா. கூடப் படித்தவர், ரயில் நிலையத்துக்குப் பின்னால் கியோசா என்ற இறைச்சிக் கொழுக்கட்டையைப் பொரித்து விற்கும் கடை வைத்திருந்தார். ஞாயிறு மதியம் ரசிகர் கூட்டம் கூடுவது அங்கேதான். ஹிருகவா முதல் இரண்டு பாகங்களோடு நிறுத்திக்கொண்டவர். மிச்சக் கதையெல்லாம் கடோவாகி திட்டத் திட்டக் காதில் விழுந்தது.

“உனக்கு இது பிடிக்குமா பிடிக்காதா, ஏதாவது ஒண்ணு சொல்லுடா,” என்றார் ஒரு நாள்.

“பிடிக்கிறதாலதான் திட்டுறேன்.”

“அந்தக் கணக்குல பார்த்தா, கயோகோ சான் உன் மேல உயிரையே வெச்சிருக்காங்க.”

கயோகோ கடோவாகியின் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவர். திருமணமான நாளிலிருந்து அந்த ராஜ்ஜியத்தின் வீழ்ச்சியைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவர்.

எட்டாம் பாகம் விற்பனையில் படுத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் பயந்துபோய், நெடுநாள் ரசிகர்கள் சிலரை டோக்கியோவுக்குக் கூப்பிட்டு உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்பதாக அறிவித்தார்கள். கடோவாகிக்கும் அழைப்பு வந்தது. கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெருமைக்கு விலாங்கு மீன் பொடி சேர்த்த பிஸ்கட் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.

புதுத் தயாரிப்பாளர் ஒடகிரி என்ற பெண். மூன்றாம் பாகம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார். அதுவே கடோவாகிக்கு உறுத்தியது. மற்றவர்கள் வரைபடத்தில் வழிகாட்டி வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும் என்று கேட்டார்கள். கடோவாகி எழுந்து, வழிகாட்டி கேட்பவர்கள் சுற்றுலாப் பேருந்தில் போகலாம் என்றார். மூன்றாம் பாகத்தை அப்படியே திரும்பக் கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், எழுத்து பெரிதாக வேண்டும் என்றவர் உட்பட.

“அப்படியேன்னா? செத்தா பழையபடி கிராமத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவுமா, கடோவாகி சான்?” என்று ஒடகிரி பணிவாகக் கேட்டார்.

“ஒரு மயிரிழைகூட மாத்தக் கூடாது.”

ஒடகிரி மாற்றவில்லை. இரண்டு வருடம் கழித்து மூன்றாம் பாகம் மறுபடி வந்தது. கடோவாகி கிடங்குக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்தார். அதே இசை, அதே நாலு பேர் கொண்ட படை, முறை வைத்து அடிக்கும் அதே சண்டை. சதுப்பு நிலத்தில் செத்தார். கிராமத்துக்குத் திரும்பினார். நடந்தார், பூதம் வந்தது, அடித்தார், நடந்தார், பூதம் வந்தது. எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். கடலில் சூரியன் இறங்கும் காட்சி ஒன்று வரும். அதை நினைத்தாலே அவருக்கு மார்பு அடைக்கும். அது வந்தது. ஆரஞ்சு நிறத்தில் நாலு கட்டங்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவர் கேட்டதை எல்லாம் கொடுத்திருந்தார்கள். அதுதான் அவரை உலுக்கியது. மத்தியானம் கயோகோ வந்து பார்த்தபோது மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் படை முழுக்கச் செத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தன் கருத்தை முதலில் சொல்லத் தயாரில்லை.

“இதுல உயிரில்லை,” என்றார் கடோவாகி. “ரசிகன் பேச்சைக் கேட்டு எடுத்தா இப்படித்தான் இருக்கும். படைக்கிறவனுக்கு முதுகெலும்பு வேணாமா?”

ஹிருகவா தட்டை வைத்துவிட்டு, “எந்த ரசிகன் பேச்சை?” என்றார்.

கடோவாகி தட்டின் நடுவிலிருந்த முளைப்பயறைக் குச்சியால் கொஞ்ச நேரம் கிளறினார். “பொதுவாச் சொன்னேன்,” என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, என்ன சொன்னாலும் எட்டாம் பாகத்தில் ஒரு துணிச்சல் இருந்தது, நாம்தான் புரிந்துகொள்ளவில்லை என்று ஆரம்பித்தார். எட்டாம் பாகத்தை அவரோடு சேர்ந்து காறித் துப்பிய அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அதைப் பழைய பொருள் கடையில் தள்ளிவிட்டிருந்த ஒருவர், விலை ஏறுவதற்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று பாதிச் சாப்பாட்டில் கிளம்பினார்.

வீட்டில் சும்மா கிடந்த மூன்றாம் பாகத்தைக் கயோகோ எடுத்துக்கொண்டார். மாலையில் சமையல் முடிந்ததும் ஆடுவார். செத்தால் சிரிப்பார். பொம்மைகள் காதலிக்கும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடோவாகி பின்னால் நின்று, இடப்பக்கம் போ, அங்கே ஒரு பெட்டி இருக்கிறது என்று நச்சரித்தார்.

“பெட்டி இல்லாமலே போய்க்கிறேன். நீங்க குளிக்கப் போங்க.”

குளிர்காலம் முடிவதற்குள் கயோகோ கடைசி வரை ஆடி முடித்துவிட்டார். எப்படி இருந்தது என்று கடோவாகி கேட்டார்.

“நல்லா இருந்துச்சு.”

கடோவாகி காத்திருந்தார். “அவ்வளவுதானா?”

“வேற என்ன இருக்கணும்?”

ஒரு விளையாட்டை ஆடிவிட்டு நன்றாக இருந்தது என்று எழுந்து போகிற மனுஷியோடா இத்தனை வருடம் குடும்பம் நடத்தினோம் என்று கடோவாகி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் ஒன்பதாம் பாகத்தை அறிவித்தார்கள். இந்த முறை ரசிகர்களைக் கூப்பிடப்போவதில்லை, எங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்கிறோம் என்றார் ஒடகிரி. ரசிகனை மதிக்காத இந்தத் திமிர்தான் ராஜ்ஜியத்தைக் குழிதோண்டிப் புதைக்கப்போகிறது என்று கடோவாகி அன்றைக்கே இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். எழுதி முடித்த கையோடு வீடியோ கேம் கடைக்குப் போய் முன்பதிவு செய்தார். கயோகோ சொல்லி அனுப்பியிருந்தபடி, இரண்டு.