அண்ணன் தொடக்கூடாத கார்

கார் வாங்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் நிறம் கேட்டார்கள். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூட்டில் அவனுடைய ஒர்க்ஷாப்பின் ஓரத்தில் கிடந்த பழைய டயர்களை அப்புறப்படுத்தி, ஒரு கார் நிற்குமளவுக்குத் தரையில் சிமெண்ட் பூசினான். பதினோரு வருடமாக என் ஸ்கூட்டரின் ஒவ்வொரு நட்டையும் அவன் கைதான் அறியும். வேறு யாரிடமும் நான் அதைக் காட்டியதே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அது. முன்பணம் கட்டுவதற்கு முன், வாரண்டிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாமா என்று திருவனந்தபுரத்து ஷோரூமில் கேட்டேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தந்தார். பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டியதும் ரப்பர் மரங்கள் வெயிலும் நிழலுமாக எழுத்துகளின் மேல் ஓடின. உற்பத்தியில் குறை இருந்தால் மாற்றித் தருவார்கள். ஒரு வருடம், அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. தேய்ந்துபோகும் பாகங்களுக்குப் பொறுப்பில்லை. ஏழாம் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். கம்பெனியின் ஒர்க்ஷாப்பைத் தவிர வெளியே யாராவது எஞ்சினைப் பிரித்தால் வாரண்டி அன்றோடு முடியும்.

வெளியே யாராவது. என் அண்ணனுக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

வாரண்டியே வேண்டாம், அவனிடமே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எஞ்சின் போனால் இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லை. காரே வேண்டாம் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் பனச்சமூட்டைத் தவிர்த்து, காரக்கோணம் வழியாகச் சுற்றிப் போனேன். மூன்றாம் நாள் அவன் முன்னால் நின்று புத்தகத்தை நீட்டினேன். கையெல்லாம் ஆயில், நீயே வாசி என்றான். நான் அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஒரு கார்புரேட்டரைத் துடைத்தபடி கேட்டான். ஆறாம் பக்கம் முடிந்ததும் எட்டுக்குப் போனேன்.

"எலே, ஒரு பக்கம் தவறிப்போச்சு பாத்துக்க. அதையும் வாசி."

வாசித்தேன். துடைத்த கை நின்றது. ரோட்டில் ஒரு பஸ் வந்து, கண்டக்டர் மலையாளத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவி, புறப்பட்டும் போயிற்று.

"தேயுத சாமானத்துக்கு அவனுவ பொறுப்பில்லேன்னு சொன்னியே. அது என்னெல்லாம்?"

பிரேக் ஷூ, கிளச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு.

"அது மதி மக்கா, போதும். அவனுவளுக்கு வேண்டாததெல்லாம் எனக்க பங்காக்கும்."

அதையும் அவன் சும்மா நம்பவில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டு என்னோடு ஷோரூமுக்கு வந்தான். தான் பிரேக்கை மாற்றினால் எஞ்சினின் வாரண்டி போகுமா என்று மலையாளத்தில் கேட்டான். போகாது என்று எழுதி, சீல் வைத்து வாங்கிய பிறகே என்னை முன்பணம் கட்ட விட்டான்.

முதல் சர்வீசுக்கும் கூடவே வந்தான். உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவனைப் போல நின்றான். டீ குடிக்கக் கூப்பிட்டேன், வரவில்லை. உள்ளே ஒருவர் பானெட்டைத் தூக்கியபோது இவன் விரல்களும் சற்றே உயர்ந்தன. அந்த ஆள் ஸ்பேனரை எடுப்பதையும் வைப்பதையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"நல்ல கையாக்கும். பயப்படாத. நீ போய் டீ குடி."