ஒரே குடோனை நம்பிய வீடு

"உங்க வீட்டுச் சோறும் குருமுளகு. இனி ஷேரும் குருமுளகாடீ? கொள்ளாம்!"

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓணம் முடிந்த வாரத்தில், மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் மசாலா ஏற்றுமதிக் கம்பெனியின் மாடியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தோழி இப்படிக் கேட்டாள். வைப்பின் தீவிலிருந்து தினமும் படகில் வருகிறவள், எனக்குப் பக்கத்து மேஜை. என்னோடு பேசும்போது மட்டும் மலையாளத்தில் தமிழைக் கலந்துகொள்வாள். மிளகைத்தான் இங்கே குருமுளகு என்கிறோம்; கொள்ளாம் என்றால் பிரமாதம்.

எனக்குக் கோபம் வந்தது. காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா இதே கம்பெனியின் குடோனில் மூட்டை சுமக்கிறார். அம்மா அதே குடோனில் தரையில் உட்கார்ந்து சுக்கும் ஜாதிக்காயும் தரம் பிரிக்கிறாள். நான் பி.காம். முடித்து, அவர்கள் தலைக்கு மேலே மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏற்றுமதி பில் போடுகிறேன். ஒவ்வொரு நாளும் அந்த மரப்படிகளில் ஏறும்போது எனக்கு இருந்த கர்வத்தை நான் மறைத்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலீடு பற்றிக் கற்க ஆரம்பித்திருந்தேன். கைபேசியில் வீடியோக்கள் பார்த்து, நோட்டில் குறிப்பெடுத்து, பங்கு வாங்குவதற்கான டீமேட் கணக்கும் தொடங்கிவிட்டேன். 'உனக்கு நன்றாகத் தெரிந்த தொழிலில் பணம் போடு' என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு மசாலாவைவிட நன்றாக எது தெரியும்? எந்த மாதம் கண்டெய்னர்கள் அதிகம் போகும், எந்த நாட்டுக்கு எந்தத் தரம் வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். பங்குச் சந்தையில் இருந்த இரண்டு பெரிய மசாலா ஏற்றுமதிக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கினேன். இரண்டு பெயர் இருந்ததால் பணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் என் சம்பளத்தோடு போயிருக்கும். தங்கையின் நர்சிங் படிப்புக்காக அப்பா வங்கியில் போட்டு வைத்திருந்த பணத்தையும் கேட்டேன். வட்டி கம்மி, வீணாகக் கிடக்கிறது என்றேன். அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா?"

முதல் ஆறு மாதம் எல்லாம் ஏறியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அப்பாவுக்குக் கைபேசியைக் காட்டுவேன். எண்கள் அவருக்குப் புரியாது. நிறம் புரியும்.

"பச்சைன்னா நல்லதா மோளே?"

"நல்லதுப்பா."

அதன்பின் தினமும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கும் பச்சைதானா?" தோழியின் கேலி நினைவுக்கு வரும்போதெல்லாம் நான் மனதுக்குள் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

மே மாதத்தில் கதை மாறியது. கடல் தாண்டிப் போன மிளகில் பூச்சிமருந்தின் அளவு அதிகம் என்று சரக்கு திரும்பி வந்தது. எங்கள் கம்பெனியுடையது மட்டுமல்ல, இன்னும் பலருடையதும். குடோன் நிரம்பிக் கிடந்தது, ஆனால் ஏற்றவும் இறக்கவும் ஆள் தேவைப்படவில்லை. அப்பாவை வர வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரம் அம்மாவை. மாடியில் இருந்த எங்களுக்குப் பாதிச் சம்பளம். நான் வாங்கி வைத்திருந்த இரண்டு பங்குகளும் அதே காரணத்துக்காக, அதே வாரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

நாலு பேர் சாப்பிடும் வீட்டில் மூன்று வருமானமும் சேமிப்பும் ஒரே வாசல் வழியாக வந்துகொண்டிருந்தன. அந்த வாசல் மூடியபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

அப்பா வழக்கம்போலக் கேட்டார். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பச்சைதான்பா" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் சொன்ன மிகக் கேவலமான பொய் அது. இரண்டு மூன்று நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சிவப்பு என்னன்னு எனக்கும் தெரியும்மா. சிக்னல்ல லாரி நிக்கறதைப் பார்க்காதவனா நான்? நேத்தே உன் போன்ல பார்த்துட்டேன்."

என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் யாரிடமும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, தோழி என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். போர்ட் கொச்சியிலிருந்து படகு ஏறி வைப்பின். அது மழைக்கால மீன்பிடித் தடை நேரம். விசைப்படகுகள் எல்லாம் கயிற்றில் கட்டப்பட்டு வரிசையாக நின்றன. அவள் அப்பாவும் மூத்த அண்ணனும் படகில் போகிறவர்கள். இருவரும் வீட்டில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் கப்பைக்கிழங்கும் மீன் கறியும் கொதித்தன. இந்த வீட்டில் எப்படி அடுப்பு எரிகிறது என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"சின்னண்ணன் ஆட்டோ ஓட்டுறான் அல்லே. அண்ணி தைக்கிறா. எனக்கு உங்க குருமுளகு," என்று சிரித்தாள். "எல்லாரும் கடலுக்குப் போயால், தடை வரும்போ யாரு சோறு போடும்? பெரியண்ணன், சின்னண்ணனையும் படகுக்கு விளிச்சதுதான். அப்பன் சம்மதிக்கல்ல."

அவர்கள் யாரும், பல முதலீடுகளின் தொகுப்பைக் குறிக்கும் போர்ட்ஃபோலியோ என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் அந்தச் சொல்லை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தேன். அன்று கம்பெனி மாடியில் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டது கேலி மட்டும் இல்லை என்பது சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. சாப்பிட முடியவில்லை. "காரம் கூடுதலா?" என்று அவள் அம்மா கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆகஸ்டில் தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்தது. பணம் கட்டக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு பங்குகளை விற்றேன். போட்டதில் மூன்றில் ஒரு பாகம் காணாமல் போயிருந்தது. மீதியில் கணிசமான பகுதி அதற்குள் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் தேவைப்பட்டது. அந்த சீட் போய்விட்டது.

"ஒரு வருஷம்தானே அக்கா," என்றாள் தங்கை. மறுவாரமே எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு படகுத் துறைக்குப் போகிறவளை மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். நாள் பூரா நின்று வேலை செய்து அவள் கால் வீங்கி வரும். நான் தைலம் தேய்த்துவிடுவேன். அவள் ஒருநாள்கூட அந்தப் பணத்தைப் பற்றிப் பேசியதில்லை.

குடோனில் நாலு மாதத்தில் மறுபடி வேலை தொடங்கியது. அந்தப் பங்குகளும் பின்னால் ஏறின என்று தெரியும். அதனால் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. சந்தை காத்திருக்கலாம், கல்லூரி காத்திருக்காது. எந்தப் பணம் எப்போது வேண்டும் என்று கேட்காமல், எங்கே போட்டால் வளரும் என்று மட்டும் கேட்டதுதான் நான் செய்த முதல் தவறு.

பிறகு மெதுவாக மறுபடி கற்றேன். இந்தத் தடவை நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் வீட்டில் யாருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று எழுதினேன். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வங்கியில் வைத்தேன். அதற்குப் பிறகே, பல தொழில்களின் பங்குகள் சேர்ந்த ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் சிறிய தொகை போட ஆரம்பித்தேன். எதைத் தொடங்கினாலும் வீட்டில் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்கிறேன். அப்பா இப்போது நிறத்தைக் கேட்பதில்லை. "இதுக்கும் நம்ம குடோனுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்கிறார். சில சமயம் பதில் சொல்ல நான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தங்கை அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்துச் சேர்ந்தாள். இப்போது இரண்டாம் வருடம். ஒரு வருடம் பிந்தித்தான் அவள் நர்ஸ் ஆவாள். அந்த ஒரு வருடத்தை எந்த முதலீடும் எனக்குத் திருப்பித் தராது என்பதை நினைக்காமல் இன்றும் என்னால் கைபேசியில் எதையும் வாங்க முடிவதில்லை. போன திங்கட்கிழமை அம்மாவையும் அவளையும் வங்கிக்கு அழைத்துப் போய், மூன்றாம் வருடக் கட்டணத்துக்கான பணத்தை, கட்ட வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்பு முதிர்வடையும்படி அவர்கள் இருவர் பெயரில் டெபாசிட் போட்டுவிட்டேன். அம்மா கைநாட்டு வைத்தாள், தங்கை கையெழுத்துப் போட்டாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அதில் என் பெயர் எங்கும் இல்லை.