ஒன்றும் செய்யக் கூடாத மரங்கள்

ஆய்வகத்தில் சேர்ந்த சில நாட்களிலேயே எங்கள் தென்னந்தோப்பை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

அதற்கு முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். தாவரவியல் படித்துவிட்டுப் பட்டன்களையும் சாயத்தின் நிறத்தையும் ஷிப்மெண்ட் தேதியையும் கவனித்துக்கொண்டு வருஷங்கள் ஓடிவிட்டன. கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், சூழலியலும் நீடித்த வேளாண்மையும் சேர்ந்த ஆய்வகம் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது விண்ணப்பம் போட்டேன். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் போட்டேன். கிடைத்துவிட்டது. என் கணவர், "சேர்ந்துரு, பிடிக்கலீன்னா கம்பெனி எங்கீம் போயிராது" என்றார். அன்றிலிருந்து காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்பும் வாழ்க்கை.

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைவிட இளையவர்கள். புள்ளியியல் பற்றியும் கட்டுரைகள் பற்றியும் டீ குடிப்பதுபோலப் பேசினார்கள். திங்கட்கிழமை தோறும் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்தை நினைத்து ஞாயிற்றுக்கிழமை மதியமே எனக்குச் சோறு இறங்காது. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ, நான் விழிப்பேனோ என்பதே நினைப்பு.

எங்கள் ஆய்வு தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈ பற்றியது. ஓலையின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி. அது கழிக்கும் பிசுபிசுப்பு கீழே இருக்கும் ஓலைகளில் விழுந்து, அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து, மரமே புகையில் நின்றதுபோல ஆகிவிடும். மருந்து அடித்தால் ஈயோடு சேர்ந்து அதைத் தின்னும் சிறு குளவியும் செத்துவிடும். மருந்தை நிறுத்திக் குளவியை விட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்தத் திங்கட்கிழமை, கொடுப்பதாகச் சொன்ன தோப்புக்காரர் பின்வாங்கிவிட்டார் என்று ஆய்வகத்தின் தலைவரான மேடம் சொன்னார். அவர் பார்வை மேஜையைச் சுற்றி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"எங்க தோப்பு இருக்குதுங்க மேடம். உடுமலைப்பேட்டைக்குத் தெக்கால" என்றேன்.

"உங்க அப்பா ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்குவாருங்க."

ரயிலில் வரும்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. எங்கள் தோப்பிலும் ஓலைகள் கறுத்துக்கொண்டுதான் இருந்தன. அப்பா மருந்து வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் போய்ச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் சரி என்றுவிட்டார். மகள் யுனிவர்சிட்டியில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாததா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். அவர் மறுத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகுதான் கடினமான பகுதி. தோப்பை மூன்றாகப் பிரிப்போம், ஒரு பகுதியில் குளவி, ஒரு பகுதியில் வழக்கமான மருந்து, மூன்றாவதில் ஒன்றுமே செய்யக் கூடாது என்று விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஒண்ணுமே செய்யாம உடறதா? சீக்கு வந்த மரத்தச் சும்மா பாத்துட்டு நிக்கறதா, கண்ணு?"

"அப்பத்தான் குளவியால சரியாச்சா, தானாச் சரியாச்சான்னு தெரியுங்கப்பா."

அவர் தலையை ஆட்டினார். புரிந்ததாகத் தெரியவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையில் ஆட்டினார்.

தோப்பின் எந்த இடம் எந்தப் பகுதி என்பதைக் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டோம். திரையில் வரைபடம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரங்கள், அம்மா தினமும் பாத்திரம் கழுவும்போது பார்க்கும் மரங்கள், ஒன்றும் செய்யக் கூடாத பகுதியில் விழுந்திருந்தன. இன்னொரு முறை பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். என் கை நகர்ந்ததை, பக்கத்தில் இருந்த திருநெல்வேலிப் பையன் பார்த்துவிட்டான்.

"ஒரு தடவதான்க்கா போடணும். பிடிக்கலன்னு திருப்பிப் போட்டா அப்புறம் அது குலுக்கலே இல்லல்லா."

கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு பகுதியில் குளவியை விட்டு, இன்னொன்றில் மருந்து அடித்தோம். அதன்பின் மாதக்கணக்கில் உடுமலைக்கும் கோயம்புத்தூருக்குமாக அலைந்தேன். எங்கள் தோப்பு முழுக்கக் குட்டை ரகம் என்பதால் ஏணி போட்டே ஓலையை எட்டிவிடலாம். ஓலையைத் திருப்பி லென்ஸ் வைத்து ஈக்களை எண்ணுவேன். பின்பக்கத்து மரங்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் கறுத்திருந்தன. கொடியில் காயும் துணியில் பிசுபிசுப்பு சொட்டியது. கறிவேப்பிலைச் செடி கருப்பாகிவிட்டது. அம்மா துணியை முன்வாசலுக்கு மாற்றிக் காயப்போட்டார்.

அடுத்த தோப்பு பெரியப்பாவுடையது. அவர் மருந்து அடித்துவிட்டார். அவர் மரங்கள் பார்க்கப் பளிச்சென்று இருந்தன. மகள் படிப்பதற்குச் சொந்த மரத்தையா பலி கொடுப்பது என்று அப்பாவிடம் கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை. அம்மா போனில் சொல்லித்தான் தெரியும். அதன்பின் வீட்டிலிருந்து போன் வந்தாலே எடுக்கும் முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். இந்த முறை ஏதாவது மரம் பட்டுப்போய்விட்டது என்று சொல்லப்போகிறார்கள் என்று தோன்றும்.

ஒரு தடவை போனபோது, பின்பக்கத்து மரங்களில் ஈக்கள் பாதிக்கும் குறைவாக இருந்தன. ஓலையில் பச்சை தெரிந்தது. குளவி தானாகவே இங்கே பரவிவிட்டது என்று நினைத்து ஏணியில் நின்றபடி சிரித்துக்கொண்டேன். இறங்கியபோது கால் சேற்றில் பதிந்தது. மழை பெய்யாத நாட்கள் அவை. கிணற்று மோட்டாரிலிருந்து வரும் ஹோஸ் பைப் மரத்தடியில் சுருண்டு கிடந்தது.

மதியம் சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"பொறகால இருக்கற மரத்துக்கு ஏதாச்சும் அடிச்சீங்களாம்மா?"

"மருந்தடிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? நாங்க எதுக்கு அடிக்கறோம்?"

"அப்பறம் ஓலையெல்லாம் கழுவுன மாதிரி இருக்குது?"

"தண்ணிதான் பீச்சி உட்டேன். பாத்துட்டே இருக்க முடியல. தண்ணி மருந்தாங் கண்ணு?"

அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுந்து மோட்டார் ரூம் பக்கம் போய் நின்றேன். அம்மாமேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. தண்ணீரைப் பீச்சினால் ஈ கழன்று விழும், ஓலை சுத்தமாகும். ஒன்றும் செய்யாத மரம் என்று நான் எழுதி வைத்திருந்த எல்லாமே பொய்யாகிவிட்டது. எத்தனை நாளாக நடக்கிறது என்றும் தெரியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் வந்தது. கம்பெனியில் ஒரு சாம்பிளில் நிறம் மாறியிருந்தால் சத்தமில்லாமல் வேறு பீஸ் எடுத்து அனுப்பிவிடுவோம். இங்கே எடுத்து அனுப்ப வேறு மரம் இல்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எந்தெந்த மரத்துக்குத் தண்ணி போச்சுன்னு பாருங்க. சந்தேகம் இருக்கற மரத்தையும் சேத்துக் கணக்குலேர்ந்து எடுத்துருங்க" என்றார். வைக்கும் முன், "அம்மாவத் திட்டிராதீங்க" என்றார்.

அம்மாவுக்கு எந்த மரம் என்று சொல்லத் தெரியவில்லை. எட்டின வரைக்கும் பீச்சினேன் என்றார். அதனால் ஹோஸை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அம்மா பைப்பின் நுனியைப் பிடித்து, எப்படிப் பீச்சினாரோ அப்படியே ஒவ்வொரு திசையிலும் போய்க் காட்டினார். தண்ணீர் தொட்ட மரத்திலெல்லாம் நான் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டினேன். பாதியில் அப்பாவும் வந்து பைப் மடங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் நனைந்தோம். முடிந்தபோது அந்தப் பகுதியில் துணி கட்டாத மரங்கள் கொஞ்சமே மிஞ்சின.

திங்கட்கிழமை கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மேடம், மிஞ்சிய மரங்கள் போதாது, மறுபடி குலுக்க வேண்டும் என்றார். அதாவது நான் மறுபடி அப்பாவிடம் கேட்க வேண்டும்.

இந்த முறை அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. வரப்பில் நின்று வெகுநேரம் யோசித்தார்.

"ஊட்டுக்குத் தெரியற எடத்துல மட்டும் வேண்டாஞ் சாமி. கண்ணுல பட்டா உங்கம்மாவுக்கு மனசு கேக்காது" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்குந்தான்" என்றார்.

மேடம் ஒத்துக்கொண்டார். வீட்டைச் சுற்றியுள்ள மரங்களை விட்டுவிட்டு மிச்சத்தைக் குலுக்கினோம். அம்மா தன் மரங்களைத் தன் இஷ்டத்துக்குக் கழுவிக்கொண்டார். நான் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

அடுத்த மழைக்குப் பிறகு ஓலையின் அடியில் கருப்புப் புள்ளிகள் தென்பட்டன. குளவி முட்டையிட்ட வெள்ளை ஈயின் கூடு கறுத்துவிடும். முதலில் குளவி விட்ட பகுதியில் பார்த்தேன். சில வாரங்களில் ஒன்றும் செய்யாத பகுதியிலும் பார்த்தேன். நாங்கள் போட்ட எல்லை குளவிக்குத் தெரியாதே. மரங்களுக்கு நல்லது, ஆராய்ச்சிக்குச் சிக்கல். இரண்டு பகுதிக்கும் இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா தோப்புக்குள் நிமிர்ந்து நடந்தார். நான் அவர் பின்னால், இதை எப்படி எழுதுவது, யார் ஏற்றுக்கொள்வார்கள் என்று குழம்பியபடி நடந்தேன். மருந்து அடித்த பகுதியில் மட்டும் ஈக்கள் திரும்பவும் வந்திருந்தன.

பெரியப்பாவின் தோப்பிலும் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒருநாள் ஆய்வகத்தில் இருக்கும்போது அவர் போன் செய்தார். அதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"உங்க மேடத்துகிட்டச் சொல்லி எங்களுக்கும் அந்தக் குளவிய உட முடியுமா, சாமி?"

"கேட்டுச் சொல்றனுங்க பெரியப்பா. மருந்த நிறுத்தோணுங்க. அப்பிடியும் ஒடனே சரியாயிரும்னு நாஞ் சொல்ல மாட்டனுங்க."

"உங்கப்பனும் அதத்தான் சொன்னான். நீ வந்து பாரு."

அடுத்த ஞாயிறு போனேன். அவரே ஏணியைச் சாய்த்து, கீழே பிடித்துக்கொண்டார். மேலே ஏறி ஓலையைத் திருப்பினேன். வெள்ளையாக அப்பியிருந்தது. லென்ஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன், கருப்பாக ஒன்றுகூட இல்லை. கீழே அவர் அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இப்போதைக்குக் குளவி ஒண்ணும் இல்லீங்க பெரியப்பா" என்றேன்.

நான் இறங்கும் வரை அவர் காத்திருந்து, ஏணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மரத்துக்கு நடந்தார்.