முன்னாடி ஆறு, பின்னாடி அஞ்சு

டீசல் புகையும் நனைந்த களிமண்ணும் கலந்த ஒரு வாசனை... இன்றும் எங்காவது அடித்தால் அப்படியே நின்றுவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்தொரு வயது. ஏற்காடு மலையடிவாரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சரக்கு ஷெட்டில் கிளார்க் வேலை. மலைமேல் இருக்கும் வெள்ளக்கடையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருவேன்.

அங்கிருந்து இரண்டு சரக்கு போகும். பீங்கான் ஃபேக்டரிக்குக் களிமண், உலைச் செங்கல் ஃபேக்டரிக்குக் கல்பொடி. இரண்டும் வெள்ளை. தார்ப்பாய் கட்டிவிட்டால் எது எது என்று கடவுளுக்கே தெரியாது! ஒவ்வொரு வேகனிலும் சரக்கின் பெயரும் ஊரும் எழுதிய அட்டையைச் செருகுவது என் பொறுப்பு.

அன்று மூடுபனியில் பஸ் லேட். நான் போவதற்குள் லோடு ஏற்றி முடித்திருந்தார்கள். ஏற்றும் பெண்களுக்கு மேஸ்திரி செல்லம்மாக்கா.

"கண்ணு, முன்னாடி ஆறும் களிமண்ணு, பின்னாடி அஞ்சும் கல்லுப்பொடி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

உள்ளே உட்கார்ந்து அட்டைகளை எழுதினேன். வெளியே வந்தால் டீசல் இன்ஜின் வந்து மாட்டியிருந்தது. வேகன் நம்பரைத் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் வெள்ளைத் தூசி... அவசரம். இன்ஜின் பக்கம்தானே முன்னாடி? அங்கிருந்து ஆறு வேகனுக்குக் களிமண் அட்டையைச் செருகினேன். வண்டி கிளம்பியது.

கை கழுவ வந்த செல்லம்மாக்கா திகைத்தார்.

"ஏஞ்சாமி, இஞ்சின் பக்கமா களிமண்ணு அட்டையச் சொருவுன? நான் முன்னாடின்னு சொன்னது ஷெட்டுப் பக்கமல்லோ!"

பீங்கான் மண்ணில் கல்பொடி கலந்தால் அவ்வளவும் பாழ்.

சரக்கு மாறிப்போனது என்று கேள்விப்பட்டு சூப்பர்வைசர் வந்தார். வந்ததும் அவர் பாய்ந்தது செல்லம்மாக்கா மேல்தான். "ஏம்மா, உம்பட ஆளுங்களுக்கு ஒழுங்கா ஏத்தத் தெரியாதா? நாளையிலிருந்து ஒருத்தரும் வர வேண்டாம்!"

பதினாலு பெண்களின் வேலை. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என் வேலை தப்பியிருக்கும். அதை நினைக்கவும் செய்தேன்.

"தப்பு என்னுதுங்க சார். நான்தான் மாத்திச் சொருவிட்டேன்."

அவர் என்னை முறைத்தபடியே அடுத்த ஸ்டேஷனுக்கு போன் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். மூவரும் லாரியில் ஓடினோம்.

இன்ஜினுக்கு அடுத்த வேகனில் அக்கா ஏறி, தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி ஒரு கைப்பிடி அள்ளினார். தண்ணீர் விட்டுப் பிசைந்தார். உள்ளங்கையில் பசையாக ஒட்டியது.

களிமண்!

அட்டை சரியாக இருந்தது. அக்கா என்னைப் பார்க்க, நான் அக்காவைப் பார்க்க... டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, காலைல ஷண்டிங்ல முன்னாடி இருந்ததப் பின்னாடி, பின்னாடி இருந்தத முன்னாடின்னு மாத்திக் கோத்தோமே. யாரும் சொல்லலீங்களா?"

நான் அட்டை எழுதிக்கொண்டும் அக்கா சாப்பிட்டுக்கொண்டும் இருந்த நேரத்தில் அது நடந்திருக்கிறது. அவர்கள் மாற்றியதும் நான் மாற்றிப் புரிந்துகொண்டதும் ஒன்றையொன்று சரிசெய்துவிட்டன!

சூப்பர்வைசர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

திரும்பும்போது லாரியில் அக்கா மெதுவாகக் கேட்டார். "செய்யாத தப்ப ஏன் கண்ணு ஒத்துக்கிட்ட?"

"செஞ்சேன்னுதானுங்க்கா நினைச்சேன்..."

"எனக்கு நொம்ப நேரமா நாந்தான் தப்பாச் சொல்லிட்டனோன்னு இருந்துச்சு சாமி" என்றார்.

இப்போது எந்த வேகன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரே காட்டுகிறதாம். நல்லதுதான். எங்களைப் போல யாரும் லாரியில் ஓட வேண்டியதில்லை.

ஆனால் அன்று செய்தது சரியா, தப்பா என்று அக்காவும் நானும் அந்த ஷெட்டில் இருந்தவரை பேசிச் சிரித்தோம்... இன்றைக்கு அதைக் கேட்க அக்கா இல்லை.